காரை விட்டு இறங்காதே

1

ஒரு சனிக்கிழமை பின்னேரம், ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்திலுள்ள ரூஜிலிருந்து ஓர் இளம் சோடி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெடியனின் பெயர் சுரேஷ். எனக்கு ஏதோ ஒன்றுவிட்ட வழியில் சொந்தம். என்ன சொந்தம் என்று கேட்டீர்களானால் கடதாசியில் கோடு போட்டுத்தான் விளக்கவேண்டும். மனைவி மதி வன்னியிலிருந்து வந்து எட்டு மாதம். புதிதாக வான் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். வினிபெக்கில் இருக்கும் மதியின் தமக்கை வீட்டுக்கு, விமானத்தில் போகாமல், றோட்டால் போய்வர ஆசை.

தேநீர் வருவதற்கு முன்பே சுரேஷ் விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"அண்ணை, உங்களிட்டை ஒரு லிஸ்ற் இருக்காம். வடக்குப் பக்கம் கார் ஓடுறவை என்னென்ன கொண்டுபோகவேணும், என்னென்ன செய்யக்கூடாது எண்டு. எல்லாரும் சொல்லுகினம். எனக்கும் ஒரு கொப்பி தருவியளோ?"

தட்டத்தோடு வந்த என் மனைவி வதனி அதைக் கேட்டாள். தட்டத்தை மேசையில் வைத்தாள். படியேறி மேலே போய்விட்டாள். வந்தவர்களுக்குத் தேநீரை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"இப்ப அப்பிடி ஒண்டும் இல்லைத் தம்பி" என்றேன்.

நான் தன்னடக்கம் காட்டுகிறேன் என்று அவன் நினைத்திருக்கவேண்டும். சிரித்தான். மதி சிரிக்கவில்லை. அவள் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பிறகு பாப்பம்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அவர்கள் போனபிறகுதான் நாட்காட்டியைப் பார்த்தேன். வதனியின் தம்பி நந்தனின் இரண்டாவது ஆண்டுத் திவசத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.

2

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு முதலில் தூரத்தை விளங்கப்படுத்தவேண்டும். பருத்தித்துறையில் விடியக் காலையில் வெளிக்கிட்டு, சோதனைச்சாவடி ஒன்றும் இல்லையென்றால், இருட்டுவதற்குள் இலங்கையின் தெற்குக் கரையில் காலை நனைக்கலாம். ரொறன்ரோவிலிருந்து வினிபெக்குக்குக் காலையில் வெளிக்கிட்டால் அன்று முழுக்க ஓடி, படுத்தெழும்பி, அடுத்த நாளும் முழுக்க ஓடினாலும் இன்னும் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்துக்குள்ளேயேதான் நிற்பீர்கள். பெரிய ஏரியின் வடகரையை ஒட்டி ஒற்றைத் தார் றோட்டு. ஒரு பக்கம் பாறை, மற்றப் பக்கம் தண்ணீர், மிச்சமெல்லாம் ஊசியிலைக் காடு. ஒரு பெற்றோல் நிலையத்தைத் தவறவிட்டால் அடுத்தது வர ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலேயோ செல்லும். வந்தாலும் அது பூட்டிக் கிடக்கலாம்.

ஏழு வருடம் அந்த றோட்டில் நான் லொறி ஓடியவன். தளபாடம் ஏற்றிக்கொண்டு போவேன், வெறும் லொறியோடும் சில நேரம் வருவேன். மார்க்கம் நகரில் கணினி வேலை பார்க்கும் என் சிநேகிதர்களுக்கு அது ஒரு பகிடி. "காட்டுக்குள்ளை என்ன மச்சான் கிடக்கு?" என்பார்கள். ஒன்றுமே இல்லை என்பதுதான் அங்கே இருக்கிற விஷயம், அதை எப்படிச் சொல்வது?

எங்கள் ஆட்கள் கார் வாங்கத் தொடங்கிய காலத்தில் ஒவ்வொருவராக என்னிடம் கேட்க வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிக் களைத்துப்போய் ஒரு நாள் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம், தமிழில், இலக்கம் போட்டு. பெற்றோல் தாங்கி பாதிக்குக் கீழே இறங்கவிடாதே. மாற்று ரயருக்குள் காற்று இருக்கிறதா என்று வீட்டிலேயே பார். பனி அள்ளச் சவள் ஒன்று, சில்லு வழுக்கினால் போட ஒரு பை மணல், போர்வை இரண்டு. மெழுகுதிரியைத் தகர ரின்னுக்குள் வைத்துக் கொளுத்து, கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்துவிடு. கார் நின்றுபோனால் அன்ரனாவில் சிவப்புத் துணி கட்டு. மைம்மல் பொழுதில், இருட்டி வரும்போது, மூஸ் எனும் பெரிய காட்டு மான் குறுக்கே வந்தால் பிறேக்கைப் பிடி, ஸ்ரியறிங்கை வெட்டாதே. நிற்கிற ஒவ்வொரு ஊரிலிருந்தும் வீட்டுக்கு ரெலிபோன் எடு. கடைசியாகச் சிவப்புப் பேனையால் இரண்டு கோடு அடித்து எழுதியது: என்ன நடந்தாலும் காரை விட்டு இறங்கிப் போகாதே.

எங்கள் சனம் கூடும் அஜின்கோர்ட்டில் ஒரு மரக்கறிக் கடைக்காரர் அதைப் பிரதி எடுத்து, மரண அறிவித்தல்கள் ஒட்டும் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். சனம் கீரைக் கட்டோடு நின்று வாசித்துவிட்டுப் போனது. என்னை "லிஸ்ற் அண்ணை" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்வான்? ஊரில் எனக்கு ஒரு பெயரும் இருக்கவில்லை. இங்கே வந்து பனியையும் ரயரையும் பற்றி எழுதி ஒரு பெயர் எடுத்திருந்தேன்.

3

நந்தன் வந்தபோது அவனுக்கு முப்பது வயது. யாழ்ப்பாணம் முழுவதும் எழும்பி நடந்த அந்தப் பெரிய இடம்பெயர்வில் மனைவி கலாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வன்னிக்குப் போய், அங்கிருந்து எப்படியோ கொழும்புக்கு வந்து, அவர்களை ஒரு லொட்ஜ் அறையில் விட்டுவிட்டுத் தனியாக இங்கே வந்து சேர்ந்தான். ஒன்றரை வருடம் எங்கள் வீட்டு நிலவறையில் இருந்தான். உணவகத்தில் கோப்பை கழுவினான். அவனுடைய அகதி வழக்கு வென்றது. மனைவி பிள்ளையைக் கூப்பிடுவதற்கு நிரந்தர வேலை இருந்தால் நல்லது என்று யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து வினிபெக்கில் இருந்த பழைய நண்பன் ஒருவன் தையல் தொழிற்சாலையில் வேலை எடுத்துக் கொடுத்தான்.

"அத்தான், நான் காரிலை போறன். அங்கை கார் இல்லாமல் வேலைக்குப் போகேலாதாம்" என்றான்.

ஒக்ரோபர் கடைசி. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் லிஸ்ற்றை முழுமையாகப் பரீட்சித்துப் பார்க்க ஓர் ஆள் கிடைத்தான் என்ற உசார்தான் எனக்கு வந்தது.

ஒரு கிழமை முழுக்க அதே வேலை. எங்கள் வீட்டு வாசலில் அவனுடைய பழைய ஜப்பான் காரை நிறுத்தி, ரயர் கழற்றிப் பூட்டப் பழக்கினேன். ஐந்தாம் தரம் அவன் எனக்கு முன்னாலேயே முடித்துவிட்டு, "காணுமோ மாஸ்ரர்?" என்று கேட்டான். பால்மா ரின்னுக்குள் மெழுகுதிரியைக் கொளுத்தி, இருவரும் காருக்குள் அரை மணித்தியாலம் குந்தியிருந்து சூடு பிடிக்கிறதா என்று பார்த்தோம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் நாயோடு போகும்போது குனிந்து பார்த்துவிட்டுப் போனார். வதனி பொரிவிளாங்காய் பிடித்து ரின்னில் அடைத்தாள். அது ஒரு மாதம் இருந்தாலும் பழுதாகாது. பல்லுத்தான் போகும்.

லிஸ்ற்றின் ஒவ்வொரு வரியையும் சாமான் எடுத்துவைத்தபின் அவன் பென்சிலால் வெட்டினான். பிறகு தன் பங்குக்கு ஒரு வேலை செய்தான். அடையாள அட்டை, அகதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, கலாவினதும் பிள்ளையினதும் படங்கள் எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி, மெழுகுதிரியால் வாயைச் சுட்டு ஒட்டி, இடுப்பில் கட்டினான். வன்னிக்குப் போக இரவில் வள்ளத்தில் கிளாலிக் கடல் கடந்த பழக்கம்.

"உதென்னத்துக்கு? உங்கை ஒருத்தரும் மறிச்சுச் சோதிக்கமாட்டாங்கள்" என்று நான் சிரித்தேன்.

"கிடக்கட்டும் அத்தான். பாரம் இல்லைத்தானே."

அந்த நேரம் எனக்கு விளங்கவில்லை. அவனுக்குத் தெரிந்த ஆபத்து எல்லாம் மனிதர்களிடமிருந்து வருவது. மறிப்பார்கள், கேட்பார்கள், இழுத்துக்கொண்டு போவார்கள். நான் எழுதிக் கொடுத்ததோ மனிதர் ஒருவரும் இல்லாத இடத்தில் வருகிற ஆபத்துக்கு. இரண்டையும் ஒரே காருக்குள் ஏற்றி அனுப்பினோம்.

வெளிக்கிட்ட அன்று காலை வதனி நாலு ரயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தாள். அவன் அவற்றை நசித்துக்கொண்டு போனான். "போட்டு வாறன் அக்கா" என்றான். ஒழுங்கான பிள்ளை, "போறன்" என்று சொல்லவில்லை.

4

நந்தன் சட்பரி நகரத்திலிருந்து ரெலிபோன் எடுத்தான். சூ நகரத்திலிருந்து எடுத்தான். அங்கே ஒரு மொட்டலில் படுத்தான். அடுத்த நாள் மத்தியானம் வாவா என்ற ஊரைக் கடந்து ஒரு பெற்றோல் நிலையத்திலிருந்து எடுத்தான்.

"அத்தான், முன்னாலை லொறி ஒண்டு பிரண்டு றோட்டை மறிச்சிருக்காம். பொலிஸ் ஒருத்தரையும் விடுறாங்கள் இல்லை. திறக்க நாலைஞ்சு மணித்தியாலம் செல்லுமாம்."

"மறிச்சால் நில். கோப்பி ஒண்டைக் குடிச்சுக்கொண்டு இரு. இருட்டினால் அங்கையே படு."

"ஓம் அத்தான்" என்றான்.

'ஓம்' என்றால் எங்கள் ஆட்கள் கேட்டுக்கொண்டோம் என்றுதான் சொல்கிறார்கள். செய்வோம் என்று அர்த்தமில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ரெலிபோனை வைத்துவிட்டேன்.

அவன் நிற்கவில்லை. பொலிஸ் மறித்த றோட்டில் காத்துக்கொண்டு நிற்பது அவனுக்கு ஒத்துவராத காரியம். யாழ்ப்பாணத்தில் பெரிய றோட்டை மறித்தால் ஒழுங்கைக்குள் திரும்புவோம். எந்த ஒழுங்கைக்குள் விட்டாலும், நாலு வளவு சுற்றி, ஒரு கோயில் வீதியைத் தொட்டு, மறுபடியும் எங்கேயோ பெரிய றோட்டில் ஏறலாம். முட்டுச்சந்து என்றாலும் ஒரு வீடாவது இருக்கும், யாராவது வேலியால் எட்டிப்பார்த்து வழி சொல்வார்கள். அவன் வலப்பக்கமாகப் பிரிந்த ஒரு மண் றோட்டில் காரைத் திருப்பினான். அது மரம் வெட்டும் கம்பனிகள் மரம் இழுக்கப் போட்ட றோட்டு. உள்ளே உள்ளே போய், வெட்டி முடித்த காட்டில் ஒரு வெளியில் முடிந்துபோகும். வேறு எதனோடும் சேராது. போன வருடமே அங்கே வேலை முடிந்துவிட்டது. அன்று பின்னேரம் பனி கொட்டத் தொடங்கியது.

இரவு முழுக்க ரெலிபோன் வரவில்லை. விடிந்ததும் நான் பொலிசுக்கு அறிவித்தேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அன்றே தேடத் தொடங்கினார்கள். அதற்கடுத்த நாள் மத்தியானம் காரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்ரனாவில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. மேலேயிருந்து பளிச்சென்று தெரிந்ததாம். காரில் ஆள் இல்லை.

உடலைக் கண்டது மூன்றாம் நாள்.

5

அந்த ஊருக்கு நானும் வதனியும் போனோம். என்னுடைய லிஸ்ற்றில் இருந்த அத்தனை சாமான்களோடும் போனோம். வேறு எப்படிப் போவதென்று எனக்குத் தெரியவில்லை.

பொலிஸ் அதிகாரி பெரிய உருவம், மெல்லிய குரல். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஒரு படம் கீறினார். கார் இது. கார் சேற்றுப் பள்ளத்தில் சில்லு இறங்கி நின்றிருந்தது. நந்தன் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தார் என்றார். மெழுகுதிரியில் பாதி மிச்சம். போர்வை மடித்து வைத்திருந்தது. தண்ணீர் இருந்தது. ரின்னில் உருண்டையாக ஏதோ தின்பண்டம் இருந்தது. இப்படித் தயாராக வந்த ஒருவரைத் தான் இந்தப் பக்கத்தில் கண்டதில்லை என்றார். இன்னும் மூன்று நாள் அந்தக் காருக்குள் அவர் உயிரோடு இருந்திருக்கலாம்.

"அப்படியானால்?" என்று கேட்டேன்.

அவர் படத்தில் ஒரு கோடு இழுத்தார். ஹெலிகொப்டர் காரைக் கண்டு கீழே இறங்கி வட்டமடித்தபோது, காரிலிருந்து காட்டுக்குள் புதிதாகக் காலடிகள் போயிருந்ததை விமானி பார்த்திருக்கிறார். ஓடிய காலடிகள். றோட்டு ஒடுக்கம், இரண்டு பக்கமும் மரம் அடர்த்தி என்பதால் தரையில் இறங்க முடியவில்லை. யாராவது வெளியே வந்து கைகாட்டுவார்கள் என்று அரை மணித்தியாலத்துக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். ஒருவரும் வரவில்லை. எண்ணெய் முடிய, இடத்தைக் குறித்துக்கொண்டு திரும்பிவிட்டார். தரைவழியாக ஆட்கள் பனியை வெட்டிக்கொண்டு போய்ச் சேர அடுத்த நாள் ஆகிவிட்டது.

காட்டுக்குள் ஒரு பெரிய மரத்தின் கீழே ஒருவர் குப்புறப் படுத்திருந்த தடம். இரண்டு முழங்கையும் பதிந்திருந்தன. அங்கிருந்து இன்னொரு மரம். அங்கேயும் படுத்த தடம். பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றும் முந்தியதைவிட அடர்த்தியான மரம், முந்தியதைவிட உள்ளே. நாலாவது மரத்தின் கீழே அவன் கிடந்தான். திரும்பி வர வழி தெரிந்திருக்காது, அதற்குள் மறுபடியும் பனி கொட்டி, மரங்களுக்கு வெளியே காலடியை மூடியிருந்தது.

"அவர்மீது ஏதாவது வழக்கு இருந்ததா? பொலிசுக்குப் பயப்படக் காரணம் உண்டா? மனநோய்?" அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். "ஏனென்றால் அவர் எங்களிடமிருந்து ஒளித்திருக்கிறார்."

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கியது. வதனிக்கும் விளங்கியது. அவள் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். ஹெலிச் சத்தம் கேட்டால் வாகனத்தில் இருக்கக்கூடாது. வாகனத்தைத்தான் ஆமிக்காரன் முதலில் சுடுவான். கதவைத் திறந்து ஓடு, வெட்டவெளியில் ஓடாதே, மரத்துக்குக் கீழே போ, குப்புறப் படு, வெள்ளைச் சட்டையென்றால் கழற்று, அவன் திரும்பவும் வருவான், இடத்தை மாற்று. இது எங்களிடத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். நந்தன் பன்னிரண்டு வருடம் அப்படித்தான் உயிர் தப்பி வந்தவன்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதிகாரிக்குச் சொன்னேன். எங்கள் ஊரில் ஹெலிகொப்டர் வந்தால் சுடும் என்றேன். அவர் பத்திரத்தில் ஒரு வசனம் எழுதினார். குளிரினால் மனம் குழம்பியிருக்கலாம் என்று. அதற்குரிய பெட்டி அந்தப் பத்திரத்தில் இருந்தது, நான் சொன்னதற்குப் பெட்டி இருக்கவில்லை. "அவன் குழம்பவில்லை. என்ன செய்யவேண்டுமென்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது" என்றேன். "எனக்கு வருத்தம்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அதனால் என்ன?

6

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். எனக்கு அந்த ஞாபகம் எப்படி வராமல் போனது? நானும் அதே ஊரான்தான். நானும் ஹெலிக்கு ஓடிப் பனைக்குப் பின்னால் நின்றவன்தான்.

நந்தன் வந்த புதிதில் ஒரு நாள் அஜின்கோர்ட் கடைத்தொகுதியில் சாமான் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். வீதி நெரிசல் பார்க்கிற வானொலிக்காரரின் ஹெலிகொப்டர் ஒன்று மேலே போனது. திரும்பிப் பார்த்தால் நந்தனைக் காணோம். இரண்டு கார்களுக்கு நடுவில், மாம்பழப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குந்தியிருந்தான். நான் வயிறு நோகச் சிரித்தேன். பிறந்தநாள் விழாக்களில் அதைக் கதையாகச் சொன்னேன், அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அவனும் சேர்ந்து சிரித்தான். இரண்டு வருடமாக அந்தச் சிரிப்பு என் காதில் நிற்கிறது.

குடியுரிமைச் சத்தியம் எடுத்தபோது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஹெலிச் சத்தத்துக்கு அண்ணாந்து பார்க்காமல் நடக்கத் தொடங்கிய ஒரு நாள் இருந்திருக்கவேண்டும், அன்றுதான் நான் இந்த நாட்டு ஆளாகியிருக்கிறேன். பயம் போனது நல்லதென்று நினைத்தேன். அதோடு சேர்ந்து, மற்றவனுடைய பயம் எனக்கு எழுத வராமல் போய்விட்டது.

என் மகள் அபிராமிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த ஊரிலிருந்து திரும்பி வந்த அன்று சாப்பாட்டு மேசையில் நாங்கள் குசுகுசுத்ததைக் கேட்டுவிட்டாள்.

"வட் டு யூ மீன், மாமா ஒளிச்சவரோ? வை?" என்றாள். "ஹெலிகொப்டர் வந்தா ஓபின் ஸ்பேஸுக்குப் போய் வேவ் பண்ணவேணும். கிரேட் ரூவிலையே ஸ்கூலிலை எங்களுக்குச் சொல்லித் தந்தவை. எவ்ரிபடி நோஸ் தற், அப்பா."

நான் நந்தனுக்கு லிஸ்ற் வாசித்துக் காட்டிய அதே மேசை. அப்போது இவளும் அங்கேதான் இருந்தாள், காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு. ஒருத்திக்குத் தெரிந்தது மற்றவனுக்குத் தெரியவில்லை. நடுவில் நான் இருந்தேன். இப்போது அவளுக்குப் பதினாலு. எங்களோடு அதிகம் பேசுவதில்லை. காப்பாற்ற வந்தவனிடமிருந்து ஒளிக்கிற சனம் என்று எங்களைப் பார்க்கிறாளோ என்று எனக்குச் சில நேரம் தோன்றும். கேட்கப் பயம்.

கலாவினதும் பிள்ளையினதும் விண்ணப்பம் திரும்பி வந்தது. பிரதான விண்ணப்பதாரர் காலமாகிவிட்டதால் கோப்பு மூடப்பட்டது என்று கடிதம். புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று கடைசி வரி. எந்த அடிப்படையில் என்று எழுதவில்லை. இரண்டு சட்டத்தரணிகளிடம் காட்டினேன், ஒருவர் வழியில்லை என்று தலையாட்டினார், மற்றவர் கடிதத்தைத் திருப்பித் தந்தார்.

கலா இன்னும் அந்தக் கொழும்பு லொட்ஜில்தான் இருக்கிறாள். நான் ரெலிபோன் எடுக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி. "அண்ணை, அவரை ஆரும் தேடினவையோ?"

முதல் தரம் கேட்டபோது வதனி எனக்கு முன்னால் நின்று தலையை ஆட்டினாள், சொல்லாதேங்கோ என்று. நான் சொன்னேன்: "இல்லைக் கலா. அது பெரிய காடு. ஒருத்தருக்கும் தெரியாது. பிறகுதான் கண்டவை." அவள் இந்த நாட்டைத் திட்டினாள். மனுசரோ இவங்கள் என்றாள். நானும் ஓம் போட்டேன். தேடி வந்தவர்களை இரண்டு வருடமாக நான் அவளிடம் மனிதர் இல்லையென்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

7

சுரேஷ் விடுவதாக இல்லை. இரண்டு முறை ரெலிபோன் எடுத்துக் கேட்டான். பிறகு யோசித்தேன். நான் தராவிட்டால் அவன் லிஸ்ற் இல்லாமல் போவான். போகாமல் இருக்கப்போவதில்லை. பழைய பிரதி எல்லாவற்றையும் எரித்துவிட்டிருந்தேன். திரும்ப உட்கார்ந்து எழுதினேன். கடைசியில் ஒரு வரி புதிதாக: ஹெலிகொப்டர் வந்தால் அது உன்னைக் காப்பாற்ற வருகிறது, வெளியே வந்து கையைக் காட்டு.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ரூஜுக்குக் கொண்டுபோனேன். புது வீடு. இன்னும் தளபாடம் இல்லை. சுரேஷ் வாசித்துக்கொண்டே வந்து அந்த வரியில் சிரித்தான். பதினொரு வயதில் இங்கே வந்தவன் அவன்.

"உது ஆருக்கண்ணை தெரியாது?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவன் முகம் விழுந்துவிட்டது. மதி அவன் கையிலிருந்து லிஸ்ற்றை வாங்கி, அந்த வரியை மெதுவாக வாசித்தாள். பிறகு மடித்தாள்.

"விளங்குது அண்ணை. ஆனா எழுதி வைச்சால் காணாது" என்றாள். "போன மாதம் இந்த வீட்டுக்கு மேலாலை ஒண்டு போனது. எனக்குத் தெரியும், இது கனடா, ஒண்டும் செய்யாது எண்டு. தெரிஞ்சுகொண்டே கட்டிலுக்குக் கீழை போயிட்டன். எனக்கு வாசிக்கத் தெரியும். என்ரை காலுக்கு வாசிக்கத் தெரியாதே."

சுரேஷ் அவளைத் திரும்பிப் பார்த்தான். கட்டிலுக்குக் கீழே போன கதை அவனுக்கே அப்போதுதான் தெரிய வந்தது.

எனக்கு எழும்பிப் போகவேண்டும் போல இருந்தது. இரண்டு வருடமாக அந்த ஒரு வரி எழுதாமல் விட்டேனே என்றுதான் என்னை நானே தின்றுகொண்டிருந்தேன். எழுதியிருந்தாலும் அவன் ஓடியிருப்பானா? அதற்கு விடை சொல்ல அவன் இல்லை. எழுதியிருந்தால் எனக்காவது ஓர் ஆறுதல் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

வாசலில் சப்பாத்துப் போடும்போது மதி கேட்டாள். "அவரின்ரை மனுசிக்கு உது தெரியுமோ?"

"இல்லை. ஒருத்தரும் தேடேல்லை எண்டு சொல்லி வைச்சிருக்கிறம்."

"ஐயோ அண்ணை" என்றாள். "ஒருத்தரும் தேடேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு எப்பிடி இருப்பா? காணாமல்போன என்ரை அப்பாவைத் தேட ஒருத்தரும் வரேல்லை. அது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும். சொல்லுங்கோ."

8

ஞாயிற்றுக்கிழமை காலை கலாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். கொழும்பில் பின்னேரம். வதனியிடம் முன்பே சொல்லியிருந்தேன். வேண்டாமென்று அவள் சொல்லவில்லை. பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். லொட்ஜ்காரர் கூப்பிட்டு, கலா படியிறங்கி வந்து ரெலிபோனை எடுக்கும்வரை யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

திவசத்துக்கு என்ன செய்கிறோம் என்று கேட்டாள். சொன்னேன். பிள்ளை பள்ளிக்கூடத்தில் முதலாம் பிள்ளையாக வந்ததைச் சொன்னாள். பிறகு அந்தக் கேள்வி வருவதற்குள் நானே தொடங்கினேன்.

"கலா, நான் உனக்கு ஒரு பொய் சொன்னனான். அவனைத் தேடினவை. அடுத்த நாளே தேடினவை. ஹெலி வந்தது. அவன்ரை காருக்கு மேலை அரை மணித்தியாலத்துக்கு மேலை சுத்தினது."

"ஹெலியோ?"

"ஓம்."

"சுட்டவங்களோ அண்ணை?"

அவள் குரல் சட்டென்று இறங்கி, பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாதென்பதுபோல ஒலித்தது. வதனி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்லைக் கலா. சுடேல்லை."

"அப்ப ஏன் வந்தது?"

விளங்கப்படுத்தினேன். இங்கே ஹெலி வருவது காணாமல் போனவர்களைக் கண்டுபிடித்து ஏற்றிக்கொண்டு போவதற்கு என்று. அவன் வெளியே வந்து கையைக் காட்டியிருந்தால் காணும் என்று. அவன் ஓடிப்போய் மரத்துக்குக் கீழே படுத்துவிட்டான் என்று. சொல்லச் சொல்ல எனக்கே அது நடக்க முடியாத கதைபோல இருந்தது. அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப, வந்தவை அவருக்கு நல்லது செய்ய வந்தவை" என்றாள்.

"ஓம்."

"உந்த இடத்திலை ஹெலி வந்தா ஓடத் தேவையில்லை எண்டு அவருக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ, அண்ணை?" கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இல்லைக் கலா" என்றேன். "நான்தான் சொல்லியிருக்கவேணும். நான் சொல்லேல்லை."